வாசகர் கேள்வி-பதில்: நெபுலாவும் ஃபில்ட்டரும்

கேள்வி: 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்லென்ஸ் உள்ள) பைனாகுலரில் ஃபில்ட்டர் போட்டால் வெய்ல் நெபுலா தெரியுமா?

பதில்: நிலவில்லாத, நகர வெளிச்சம் எட்டாத வானத்தில் தெரியும். வெய்ல் என்பது சிக்னஸ் (அன்னம்) விண்மீன் குழுவில் கிழக்கு, மேற்கு என இரண்டு வளைவுகளாகத் தெரியும் நெபுலா, அதாவது வாயு மேகம். ஃபில்ட்டர் நெபுலாவைப் பிரகாசமாக்குவதில்லை. பின்னணி வானத்தைத்தான் இருட்டாக்குகிறது. நெபுலாவில் நம் கண்ணுக்கு எட்டும் ஒளி பெரும்பாலும் மூன்று கோடுகளில், அதாவது குறிப்பிட்ட மூன்று அலைநீளங்களில், வருகிறது: ஆக்சிஜனின் 495.9, 500.7 நானோமீட்டர், ஹைட்ரஜன்-பீட்டாவின் 486.1. ஓ-3 (OIII) என்ற வகை ஃபில்ட்டர் ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும். யுஹெச்சி (UHC) என்ற வகை மூன்றையும் விடும். வெய்லுக்கு ஓ-3 சிறந்தது. டெனப் விண்மீனின் அருகிலுள்ள வட அமெரிக்கா நெபுலாவுக்கும் ரோசட் நெபுலாவுக்கும் யுஹெச்சி நன்றாக உதவும். ஒரு வகைதான் வாங்கலாம் என்றால் யுஹெச்சியே வாங்குங்கள்.

கேள்வி: என் பைனாகுலரில் ஃபில்ட்டர் மாட்ட மரையே இல்லை. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலானவற்றில் இருக்காது. ஒரே வகை 1.25 அங்குல ஃபில்ட்டர் இரண்டை, ரப்பர் கப்பை மடித்துவிட்டு, கண்பக்க லென்ஸுக்கு வெளியே கறுப்பு அட்டை வளையத்தில் பொருத்தலாம். வளையம் லென்ஸில் படக்கூடாது. இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஃபில்ட்டரின் பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். தலையோடு கறுப்புத் துணி போர்த்திக்கொண்டால் தீரும்.

மற்றது கொஞ்சம் நுட்பமானது. காட்சியின் விளிம்பிலிருந்து ஒளி சாய்வாக ஃபில்ட்டரைக் கடக்கிறது. சாய்வு கூடக்கூட, அது அனுமதிக்கும் பட்டை குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்து, நெபுலாவின் கோடுகளையே தடுத்துவிடும். நடுவில் தெரிந்த நெபுலா ஓரத்தில் மறைந்தால் ஃபில்ட்டரைக் குறை சொல்லாதீர்கள். நடுவிலேயே வைத்துப் பாருங்கள். 2 அங்குல ஃபில்ட்டரை முன்லென்ஸின் முன்னால் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் திறப்பு ஏறத்தாழ 45 மி.மீ. என்பதால் 50 மி.மீ. லென்ஸின் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போகும்.

கேள்வி: எல்லாம் செய்தும் ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: எதைப் பார்த்தீர்கள்? ஆண்ட்ரோமெடா காலக்ஸி, கார்த்திகைக் கூட்டத்தின் மங்கல் எல்லாம் விண்மீன் ஒளி. ஃபில்ட்டர் அவற்றையும் மங்கவே செய்யும். வெய்ல் என்றால், முதலில் ஃபில்ட்டர் இல்லாமல் 52 சிக்னி விண்மீனைப் பிடியுங்கள். மேற்கு வளைவு அந்த விண்மீனின் ஒளியில் அமுங்கும். கிழக்கு வளைவே எளிது. ட்ரைபாட் அவசியம். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும், அதற்குள் போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். நேராக நோக்காமல் சற்று மேலே பாருங்கள். பைனாகுலரை லேசாகத் தட்டினால், அசையும் மங்கல் சட்டென்று கண்ணில் படும்.

கேள்வி: இதே ஃபில்ட்டரில் சூரியனைப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பார்வையே போய்விடும்.