நற்பெயரும் அவதூறுச் சட்டமும்: கேள்வி பதில்

தஞ்சாவூர் வாசகர்: பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியாக நிறுத்தித் 'திருடன்' என்று ஏசினார். மானநஷ்ட வழக்குப் போடலாமா?

வேறு எவரும் கேட்கவில்லையென்றால் அந்த வழக்கு நிற்காது. தங்கள் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவதூறுச் சட்டம் காப்பது ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பை அன்று, பிறர் அவர்மீது வைத்திருக்கும் மதிப்பையே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 ஆகிய பிரிவுகள்), ஒருவரின் ஒழுக்கத்தையோ அறிவையோ, சாதி அல்லது தொழில் சார்ந்த மதிப்பையோ, கொடுக்கல் வாங்கலில் அவருக்கு உள்ள நம்பகத்தையோ பிறர் பார்வையில் தாழ்த்தினால்தான் நற்பெயருக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கொள்கிறது. ஆகவே மூன்றாவது ஆள் ஒருவரிடமாவது அந்தச் சொல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மதுரை வாசகர்: குடியிருப்போர் சங்கப் பொருளாளரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது முழுக்க உண்மை. உண்மைக்கும் தண்டனை உண்டா?

இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில், சொன்னது உண்மை என்று மெய்ப்பித்துவிட்டால் பொதுவாக அதுவே போதும். குற்றவியல் வழக்கில் அது மட்டும் போதாது. அந்த உண்மையை வெளியிட்டது பொதுநலனுக்காக என்பதையும் காட்ட வேண்டும். சங்கப் பணத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று எழுதுவதற்கும், அதே மனிதரின் குடும்பச் சண்டையை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. 'எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்' என்று பலர் சொல்கிறார்கள். பிறர் எழுதியதைப் பரப்புவதும் வெளியிடுவதே என்பதால் அந்தப் பதில் தங்களைக் காப்பாற்றாது.

கோயம்புத்தூர் வாசகர்: காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்கிறார்கள்.

அவதூறு, காவல்துறை தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அன்று. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவர் முன் தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

சேலம் வாசகர்: பிரபலமான ஒருவர் பொதுவாகப் பெண்களை இழிவுபடுத்திப் பேசினார். பெண்ணான நான் வழக்குத் தொடரலாமா?

இதற்கு நம் மாநிலத்திலேயே தெளிவான முன்மாதிரி உண்டு. திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்து நடிகை குஷ்பு 2005-இல் ஓர் இதழுக்குச் சொன்ன கருத்துக்காக அவர்மீது 23 புகார்கள் குவிந்தன, அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் ரத்து செய்தது. ஒரு கூட்டத்தாரைப் பற்றிய பேச்சு அவதூறாக வேண்டுமானால், அந்தக் கூட்டம் எவரெவர் என்று வரையறுத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பேச்சு தம்மைத் தனிப்பட்ட முறையில் எவ்வாறு பாதித்தது என்று காட்ட இயலாதவர், சட்டம் சொல்லும் பாதிக்கப்பட்டவர் ஆகமாட்டார். அந்தத் தீர்ப்பைப் பெரிதும் மதிக்கிறேன்; ஏனெனில் ஒருவர் சொன்ன கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக ஊர் ஊராக அவரை நீதிமன்றப் படி ஏற வைப்பதே பல நேரங்களில் தீர்ப்புக்கு முந்தைய தண்டனையாகிவிடுகிறது. 'இன்ன ஊர் இன்ன பள்ளியின் ஆசிரியைகள்' என்று சுட்டியிருந்தால் நிலைமை வேறு.

யாழ்ப்பாண வாசகர்: இலங்கையிலும் இதற்குச் சிறை உண்டா?

இல்லை. அங்கே 2002-ஆம் ஆண்டிலேயே அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இழப்பீடு கோரும் வழிதான் உள்ளது. இந்தியாவில் இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். புதிய சட்டம் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், நற்பெயர் என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று கூறி இந்தக் குற்றப் பிரிவு செல்லும் என்றது. நற்பெயர் அவ்வளவு மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதைக் காக்கச் சிறை வேண்டும் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கை எடுத்த முடிவே சரியானது என்பது என் கருத்து.

திருநெல்வேலி வாசகர்: சம்பவம் நடந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் வழி உண்டா?

இழப்பீட்டு வழக்குக்குக் கால வரம்பு ஓராண்டுதான் என்பதால் அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்தச் சொற்கள் அப்படியே பதிவாகியுள்ள ஆதாரத்துடன் ஒரு வழக்குரைஞரை உடனே பாருங்கள்.