கத்தாத பயிற்சியாளர்தான் காரணமா?
உங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் தொடர்ந்து கோட்டை விடுவதற்கு, பயிற்சியாளர் யாரையும் அதட்டாததுதான் காரணம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமைதிக்குப் பேர்போன பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 25 பருவங்களில் 255 ஆட்டம் ஜெயித்தவர். மினசோட்டா மாநிலத்தில் பயிற்சியாளராக இருந்த ஜான் காக்லியார்டியோ பயிற்சியில் விசில் ஊதியதில்லை, டேக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) செய்ய விட்டதில்லை, ‘கோச்’ என்று கூப்பிடக்கூட விட்டதில்லை, ஆனால் மொத்தம் 489 வெற்றி, கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. சரி, வேறு எதைப் பார்ப்பது? பந்து நகரும் முன்பே லைன்மேன் (முன்வரிசை வீரர்) அசைந்து, தண்டனையாக 5 யார்டு பறிபோகிறதே, அதே பையன் அடுத்த வாரமும் அதையே செய்துவிட்டு முதல் பதினொருவரில் நிற்கிறானா? அப்படியானால் உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அவனைப் பெஞ்சில் உட்கார வைக்கக் கத்தவே வேண்டாமே. அப்புறம், தற்காப்பு வரிசை அந்த நேரத்தில் மூச்சு வாங்குகிறதா என்றும் கவனியுங்கள். மாற்று ஆள் போதவில்லை என்றால் எந்தக் குரலும் உதவாது.