முழங்கால் காயமும் ஏழு கிலோவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் புதுச்சேரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் இதைத் தங்களிடம் கேட்கிறேன். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பதினாறு வயது முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து கபடி ஆடுகிறாள். அணியில் அவள்தான் முதல் ரைடர். ஒரு போட்டியில் பிடியிலிருந்து திமிறித் திரும்பும்போது வலது முழங்கால் ஜவ்வு, ஏசிஎல் என்றார்கள், கிழிந்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு முன் புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது 52 கிலோ இருந்தவள் இப்போது 59 கிலோ. உயரமும் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எடையைப் பற்றியே பேசுகிறார்கள். பதினாறு வயது வரை உள்ளவர்களுக்கான சப் ஜூனியர் அணித் தேர்வுக்கு 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அவளுடைய பயிற்சியாளர் சொன்ன நாளிலிருந்து இரவில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். நானும் நல்லதுதானே என்று சோற்றையும் முட்டையையும் குறைத்தேன். இப்போது இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் தினமும் ஓடவிட்டால் எடை குறையும் என்கிறார் அவள் அப்பா. அவள் உடல் கெடாமல் எடையைக் குறைக்க என்ன செய்யலாம்?

ச.,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கடிதத்தின் கடைசிப் பகுதியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன செய்தியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதை இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். வளரிளம் பருவத்தில் அது சற்று முன்பின்னாக வருவது இயல்புதான். ஆனால் உணவைக் குறைத்த அதே காலத்தில் நின்றுபோனது என்றால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. உடலுக்குப் போகும் ஆற்றல் தேவைக்குக் கீழே இறங்கும்போது, உயிர் பிழைக்க அவசியமில்லாத வேலைகளை உடல் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கிறது. மாதவிலக்கு அவற்றில் முன்னதாக நிற்பது. அதோடு ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைவதால் எலும்பு வலுப்பெறுவது தடைப்படுகிறது. ஒரு பெண்ணின் வாழ்நாள் எலும்பு வலுவில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்பதால், இந்த வயதில் ஏற்படும் இழப்பைப் பிற்பாடு முழுமையாக ஈடுகட்டுவது கடினம். விளையாடுவோரிடம் காணப்படும் இந்த ஆற்றல் குறைபாட்டைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனியாகப் பெயரிட்டு அறிவித்தது. ஆடுகளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் வருவதன்று அது; காயத்தால் வீட்டில் இருந்துகொண்டு, எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பவர்களுக்கும் வரக்கூடியதே.

நான் மருத்துவன் அல்லன். எனவே பரிசோதனையும் சிகிச்சையும் அவர்கள் பொறுப்பு. நான் சொல்லக்கூடியதெல்லாம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைக் களத்தில் ஏற்றியும் இறக்கியும் வைத்தவன் என்ற முறையில் வீட்டிலும் மைதானத்திலும் செய்ய வேண்டியவை. அதில் முதலாவது, 'எடையைக் குறைப்பது எப்படி' என்ற கேள்வியை இந்த ஓராண்டுக்குக் கைவிடுவது. உங்கள் மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வளரும் பிள்ளைக்கு எடையை இருக்கும் இடத்திலேயே நிறுத்திவைத்து உயரத்தை அதற்கு மேல் வளரவிட்டாலே உடல்வாகு சீராகும். பெரியவர்களுக்கான எடை அட்டவணையை வைத்து அவளை அளக்கவும் வேண்டாம். அந்த வயதுக்கென்று வளர்ச்சிக் கோட்டு வரைபடம் இருக்கிறது, மருத்துவரே பார்த்துச் சொல்வார்.

அந்த ஏழு கிலோ எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் மூச்சிரைக்க ஆடிக்கொண்டிருந்த பெண் திடீரென்று கட்டிலில் கிடக்கிறாள். பசி மட்டும் பழைய நேரத்துக்குப் பழைய அளவில் வருகிறது. பார்க்க வருகிறவர்கள் பேக்கரிப் பெட்டியும் சத்து பான டப்பாவும் குளிர்பானமும் கொண்டுவருகிறார்கள், பிறகு அவர்களே எடை கூடிவிட்டது என்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே அறுவை செய்த காலின் தொடைத் தசை வேகமாக மெலிந்துகொண்டிருக்கிறது. எடைக் கருவிக்கு இது தெரியாது. கொழுப்பு கூடியதையும் தசை கரைந்ததையும் அது ஒரே எண்ணில் சேர்த்துக் காட்டிவிடும். இப்போது அவள் பட்டினி கிடந்தால் அந்த எண் குறையத்தான் செய்யும், ஆனால் குறைவதில் கணிசமான பங்கு அவளுக்கு மிகவும் தேவையான தொடைத் தசையாக இருக்கும்.

ஆகவே எடைக் கருவியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்றை வாங்குங்கள். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, காலை நீட்டித் தளர்வாக வைத்திருக்கும்போது இரண்டு தொடைகளின் சுற்றளவையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவளே அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். வலது தொடை இடது தொடையை எட்டிப் பிடிப்பதுதான் இனி அவள் துரத்த வேண்டிய எண். போட்டி மனம் உள்ள பிள்ளைகளுக்கு ஏதாவது ஓர் எண் வேண்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு 'கவலைப்படாதே' என்று மட்டும் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

உணவுக்கு வருகிறேன். காயம் ஆறும் காலத்தில் சும்மா இருப்பவருக்குக் குறைந்த உணவு போதும் என்பது பாதி உண்மைதான். திசு வளரவும் ஆற்றல் வேண்டும். ஊன்றுகோல் வைத்து நடப்பதற்குச் சாதாரண நடையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு செலவாகிறது. குறைக்க வேண்டியவை குளிர்பானம், பழச்சாறு, பேக்கரிப் பண்டம், மாலை பஜ்ஜி, சர்க்கரை கலந்த டப்பா பானம். கூட்ட வேண்டியது புரதம். ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒன்றரை கிராம் என்று வைத்தால் அவளுக்கு நாளொன்றுக்கு 85, 90 கிராம் வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் கடலூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. இரண்டு முட்டையில் 12 கிராமுக்கு மேல், அரை லிட்டர் பாலும் தயிருமாக 15 கிராம், முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் கவலை மீனோ நெத்திலியோ குழம்பில் 100 கிராம் விழுந்தால் 20 கிராம், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் 12 கிராம். மீதியைச் சாம்பாரும் இட்லியும் சோறும் ராத்திரி ஒரு பருப்புக் கூட்டும் பார்த்துக்கொள்ளும். டப்பாவில் விற்கும் புரதப் பொடி தேவையே இல்லை. முக்கியமானது, இந்தப் புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது. நம் வீடுகளில் காலை உணவுதான் இந்த வகையில் பலவீனம். வெறும் சட்னியோடு நான்கு இட்லி என்பதை, சாம்பாரும் முட்டையும் சேர்த்து மூன்று இட்லி என்று மாற்றினாலே போதும். வாரம் சில நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கொள்ளைத் தண்ணீராக வடித்துக் குடிப்பதைவிடச் சுண்டலாகத் தின்னச் சொல்லுங்கள், அதன் சத்து பருப்பில்தான் இருக்கிறது.

சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பொரியலை வையுங்கள். ஆனால் அவள் தட்டில் மட்டும் அல்ல, வீட்டில் எல்லாருடைய தட்டிலும். அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் அது தண்டனையாகிவிடும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பதின்வயதினரிடம் பெற்றோர் எடையைப் பற்றிப் பேசுவதும் அவர்களை உணவுக் கட்டுப்பாட்டுக்குத் தூண்டுவதும் உடல்பருமனுக்கும் உண்ணல் கோளாறுக்கும் ஒருசேர வழிவிடுகின்றன என்றும், குடும்பமாக உட்கார்ந்து உண்பது காப்பாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனவே இரவு எட்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். முதல் சில நாள் அவள் ஒரு தோசையோடு எழுந்துவிடலாம், ஒன்றும் சொல்லாதீர்கள். ஆனால் தனியே சாப்பிடுவது, உணவை ஒளிப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவடைப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி மனநல ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். உடல் பழுது பார்க்கும் வேலையின் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது.

மணல் ஓட்டம் இப்போது கூடவே கூடாது. மணல் மென்மையானது என்பதால் காலுக்கு இதம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு அடியிலும் பாதம் ஒரு பக்கம் புதைந்து முழங்கால் திருகுவதைத் தேவனாம்பட்டினத்தில் ஓடுபவர்களைக் குனிந்து கவனித்தால் அவள் அப்பாவே பார்க்கலாம். புதிதாகப் பொருத்திய ஜவ்வு மூன்றாம் மாதத்தில் அந்தத் திருகலைத் தாங்கும் நிலையில் இருக்காது. நிலையான சைக்கிள், பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தால் நீச்சல் குளத்தில் நடை, உட்கார்ந்தபடி தோளுக்கும் முதுகுக்கும் எடைப் பயிற்சி, இவை போதும். வியர்க்க வேண்டும் என்ற அவளுடைய ஏக்கமும் இதில் தீரும். மாலையில் அவளை மைதானத்துக்கு அனுப்புங்கள். புள்ளிக் கணக்கு எழுதட்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தொடுபுள்ளி சொல்லிக்கொடுக்கட்டும். வீட்டில் தனியாகக் கைபேசியோடு இருக்கும் நேரம் குறைந்தால் நொறுக்குத் தீனியும் குறையும், பட்டினி கிடக்கச் சொல்லும் வீடியோக்களும் குறையும்.

இனி அந்த 55 கிலோ. இந்த அறுவைக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் கழித்தே மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும்; அதற்கு முன் இறங்கும் இளம் வீரர்களுக்கு ஜவ்வு மறுபடி கிழியும் ஆபத்து பலமடங்கு அதிகம். மூன்று மாதம் முடிந்திருக்கிறது, இன்னும் ஆறு மாதம் பாக்கி. ஐந்து மாதத்தில் அவளுக்குப் பதினாறு முடிந்துவிடும். அதாவது, அவள் களமிறங்கும் நாளில் சப் ஜூனியர் பிரிவிலேயே இருக்கமாட்டாள். அடுத்த பிரிவின் எடை வரம்பு இதைவிடக் கணிசமாக உயர்ந்தது. தான் ஆடப்போகாத ஒரு தேர்வுக்காகத்தான் இந்தப் பெண் இரவுச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள், அவளுக்குப் புரியும்.

பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். எடைப் பிரிவு உள்ள ஆட்டங்களில் அந்தப் பேச்சு பழக்கமாகிவிட்டது. எடை பார்க்கும் காலையில் இரண்டு ஸ்வெட்டர் அணிந்து வெயிலில் ஓடும், எச்சிலைக் கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே நிற்கும் பிள்ளைகளை நான் பல போட்டிகளில் பார்த்திருக்கிறேன். 1997இல் அமெரிக்காவில் இப்படி எடை இறக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள். நம் மைதானங்களில் இதைத் தடுக்க ஆளில்லை. ஆகவே மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் நீங்களே பயிற்சியாளரை நேரில் சந்தித்து, மாதவிலக்கு நின்றதையும் களம் திரும்பும் மாதத்தையும் சொல்லி, இனி எடையைப் பற்றி மகளிடம் பேச வேண்டாம், தொடையின் வலுவைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் அவள் சாப்பிடுவாள். இந்த வயதில் அம்மா சொல்வதைவிடப் பயிற்சியாளர் சொல்லுக்கு எடை அதிகம்.