ஜாவாக் கிராமத்தில் நிலமும் காவலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மத்திய ஜாவாவின் க்ளாத்தேன் மாவட்டத்தில் உள்ள ஒரு நெல் விளையும் கிராமத்துக்கு மருமகளாக வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஊரில் வீடு, நிலம், உயிர்ப் பாதுகாப்பு ஆகியவை எப்படி நடக்கின்றன என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லள். ஆனால் என் மாமனாரின் நிலப் பங்கீட்டின்போது கிராம அலுவலகத்துக்கும் நிலப் பதிவு அலுவலகத்துக்கும் இரண்டு ஆண்டுகள் நடந்தவள் என்பதால், காகிதங்களின் பெயர்களும் அவற்றின் பலமும் பலவீனமும் ஓரளவு தெரியும்.

கேள்வி: ஊரில் காவல் நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இரவில் ஊரைக் காப்பவர் யார்?

பதில்: ஊர்க்காரர்களேதான். நிர்வாகத்தில் கிராமத்துக்குத் 'தேசா' என்று பெயர். நம் 'தேசம்' என்ற சொல்லும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான், இங்கு அது ஓர் ஊரின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தேசாவுக்குள் 'டூசுன்' என்னும் குக்கிராமங்களும், அவற்றுக்குள் 'ஆர்.டி.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அண்டை வீட்டுக் குழுக்களும் உண்டு. முப்பது, நாற்பது வீடுகள் சேர்ந்தால் ஓர் ஆர்.டி. ஆகிவிடும். 1944இல் ஜப்பானிய ராணுவ ஆட்சி தன் நாட்டின் அண்டை வீட்டு முறையை இங்கே கொண்டுவந்தது. கண்காணிப்பதற்காக வந்த அமைப்பு, ஆட்சி போன பிறகும் போகவில்லை. திருமணச் செய்தி, சாவுச் செய்தி, குடும்ப அட்டைக்கான முதல் கையெழுத்து எல்லாம் இன்றும் ஆர்.டி. தலைவரிடமிருந்துதான் தொடங்குகின்றன.

இரவுக் காவலுக்கு 'ரோண்டா' என்று பெயர். அட்டவணைப்படி ஒவ்வோர் இரவும் ஐந்தாறு ஆண்கள் தெருமுனையில் உள்ள சிறிய காவல் குடிசையில் கூடுவார்கள். சீட்டாட்டம், காப்பி, பலகாரம் ஆகியவற்றுக்கிடையே நள்ளிரவுக்கு மேல் ஒருமுறையாவது ஊரைச் சுற்றி வருவார்கள். முறை வந்தும் வராதவர் அபராதம் கட்ட வேண்டும். சுற்றும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் சிறிய டப்பாவிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். இதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர், விரல் நுனியால் எடுக்கும் அளவு என்று பொருள். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் ஐந்நூறு அல்லது ஆயிரம் ரூபியா நாணயம் வைக்கிறார்கள். அந்தத் தொகை சாவு வீட்டுச் செலவுக்கும் தெருவிளக்குக்கும் போகிறது. இந்தச் சிறு தொகையின் உண்மையான பயன் வேறு என்பது என் கருத்து. டப்பாவை எடுப்பதற்காகவே காவலர்கள் ஒவ்வொரு வாசலுக்கும் போயாக வேண்டியிருக்கிறது. டப்பா காலியாகக் கிடந்தால், அந்த வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையா என்று மறுநாள் காலையில் யாராவது விசாரிப்பார்கள்.

கேள்வி: மரத்தில் குடைந்த முரசு ஒன்று அங்கே எல்லா இடங்களிலும் தொங்குவதைப் படங்களில் பார்த்தேன். அலங்காரமா?

பதில்: அதன் பெயர் 'கெந்தோங்கன்'. மூங்கிலிலோ பலா மரத்திலோ செய்து நடுவில் பிளவு விட்டிருப்பார்கள். காவல் குடிசையிலும், சிலருடைய வீட்டு வாசலிலும் தொங்கும். அதில் அடிக்கும் முறைக்குப் பொருள் உண்டு. ஒற்றை ஒற்றையாக அடித்தால் கொலை நடந்துவிட்டது, இரண்டிரண்டாக அடித்தால் திருடன், மும்மூன்றாக அடித்தால் தீ, நான்கு நான்காக அடித்தால் வெள்ளம் அல்லது வேறு இயற்கைப் பேரிடர், ஐந்தைந்தாக அடித்தால் கால்நடைத் திருட்டு. மற்றத் திருட்டுக்கு ஓர் அடி, மாட்டுத் திருட்டுக்குத் தனி அடி என்று வைத்திருப்பதிலிருந்தே மாடு இங்கே என்ன மதிப்புடையது என்பது விளங்கும். ஏழைக் குடும்பத்துக்கு மாடுதான் வங்கிக் கணக்கு. சொந்தமாக மாடு வாங்க முடியாதவர் பிறருடைய மாட்டை வளர்த்துக் கன்றில் பங்கு பெறும் 'கடு' என்னும் முறையும் உண்டு. இப்போது கைப்பேசிக் குழுக்கள் வந்துவிட்டன. ஆனாலும் மின்சாரம் போன இரவில் முரசுதான் எல்லாரையும் எழுப்புகிறது.

கேள்வி: பிடிபட்ட திருடனை ஊரே அடித்துவிடுமாமே?

பதில்: ஆம், நடக்கிறது. நான் இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. திருடன் என்று யாராவது கூவிவிட்டால் கூட்டம் கூடித் தானே தண்டனை கொடுத்துவிடும் வழக்கம் ஜாவாவின் பல பகுதிகளில் உண்டு. அதில் உயிரிழந்தவர்களும் உண்டு, குற்றமற்றவர்களும் அகப்பட்டிருக்கிறார்கள். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே இங்கே காவல் என்றால், யாரும் அறியாத மனிதனுக்கு அந்தக் காவலே ஆபத்தாக முடியும். 1998இல் கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியில் சூனியக்காரர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும் இதே வரிசையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் இப்போதைய ஆர்.டி. தலைவர், பிடிபட்டவனைக் காவல் குடிசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போலீசை அழைப்பது என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுக்க வைத்தார். இதுவரை ஒருமுறைதான் அப்படி நடந்தது. அன்று பூட்டு தாங்கியது.

கேள்வி: நிலத்துக்கு அங்கே பட்டா போன்ற ஆவணம் உண்டா? ஒரு நண்பர் 'கிரிக்' என்ற காகிதத்தை மட்டும் காட்டி நிலம் தன்னுடையது என்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 'கிரிக்', 'பெத்தோக்' என்பவை நிலவரிக் காகிதங்கள். கிராம அலுவலகத்தில் 'லெத்தர் சே' என்ற பெயரில் ஒரு தடித்த பேரேடு இருக்கும். யாருடைய பெயரில் எத்தனை அளவு நிலத்துக்கு வரி விதிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருப்பார்கள். தலைமுறைகளாக ஊரில் இதுவே உரிமைக்குச் சான்றாகக் கருதப்பட்டது. ஆனால் சட்டத்தின் பார்வையில் வரி கட்டினார் என்பதற்கு மட்டுமே இது சான்று. 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் அடிப்படை நிலச் சட்டம் வந்த பிறகு, தேசிய நில அலுவலகம் வழங்கும் சான்றிதழ்தான் வலுவான ஆதாரம். 2021இல் வந்த அரசு விதி, பழைய காகிதங்களை வைத்திருப்போர் ஐந்தாண்டுகளுக்குள் நிலத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னது. உங்கள் நண்பரிடம் கிரிக் மட்டும் இருந்தால், நிலம் அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் அதை அந்தக் காகிதத்தை நம்பி வாங்குவது நல்லதல்ல.

ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் அளந்து சான்றிதழ் தரும் திட்டம் ஒன்று 2017 முதல் வேகமாக நடந்தது. ஜாவாவிலும் பாலியிலும் கிராம அளவிலான முன்னேற்பாட்டுச் செலவுக்காக 1,50,000 ரூபியாவுக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். அந்த அளவையின்போது நான் நேரில் கண்டது இது. நில அளவையாளர் கருவியோடு வருவதற்கு முன்பே நான்கு பக்கத்து நிலக்காரர்களும் வந்து, எல்லைக்கல் எங்கே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். என் மாமனாருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் இடையே ஒரு முழ வரப்பு பற்றி இருபது ஆண்டுகளாகப் பேச்சு இல்லாமல் இருந்தது. அவர் கையெழுத்திட மறுத்ததால் எங்கள் வயலின் சான்றிதழ் எட்டு மாதம் தாமதமாயிற்று. அரசாங்க முத்திரையே ஆனாலும் அது அண்டை வீட்டாரின் பேனா முனையைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

கேள்வி: மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா?

பதில்: உண்டு. எவ்வளவு என்பதுதான் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஜாவாவில் 'செபிக்குல் செகெந்தோங்கன்' என்றொரு மரபு உண்டு. ஆண் காவுதடியின் இருமுனையிலும் கூடை தொங்கவிட்டுச் சுமப்பான், பெண் முதுகில் ஒரு கூடை கட்டிச் சுமப்பாள், ஆகவே மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. இஸ்லாமியப் பாகப் பிரிவினையும் இதே விகிதத்தைச் சொல்வதால் இரண்டும் எளிதாகக் கலந்துவிட்டன. மற்றொரு மரபு 'சிகார் செமங்கா', தர்பூசணியை நடுவே பிளப்பதுபோல் சரிபாதி. எங்கள் ஊரில் பலர் இரண்டாவதையே பின்பற்றுகிறார்கள். அதிலும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வயலையும் பிரித்துக் கொடுத்துவிடுவதே வழக்கம். பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பெரும்பாலும் கடைக்குட்டிக்கு, பழைய வீடு போகும். மணவாழ்வில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியது 'கோனோ கினி', அதில் இருவருக்கும் பங்கு உண்டு. திருமணத்துக்கு முன் கொண்டுவந்தது அவரவருக்கே.

இப்படித் தலைமுறைதோறும் பிரித்ததன் விளைவாக ஜாவாவில் அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலம் வைத்திருப்போரே மிகுதி. அவர்களுக்குக் 'குரெம்' விவசாயி என்று பெயர். குரெம் என்றால் கோழிப்பேன்.

கேள்வி: நான் இந்தோனேசியப் பெண்ணை மணக்க இருக்கிறேன். அவள் ஊரில் வயல் வாங்கலாமா?

பதில்: தம்பி, முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமை மட்டும் வீட்டுக்குக் கிடைக்கும். சொத்தைப் பிரிக்கும் ஒப்பந்தம் இல்லாமல் மணந்தால், அதன் பிறகு மனைவி வாங்கும் நிலமும் இருவரின் கூட்டுச் சொத்தாகக் கருதப்பட்டுச் சிக்கலாகிவிடும். ஆகவே திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிவிடுங்கள். அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு திருமணத்துக்குப் பின்னும் எழுதலாம். வேறொருவர் பெயரில் வாங்கி, உண்மையில் நிலம் என்னுடையது என்று தனிச்சீட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் பாலியில் பரவலாக உள்ளது. அந்தச் சீட்டு சட்டப்படி செல்லாது, நிலமே அரசுக்குப் போய்விடலாம். மேலும் வயல் வேறு, வீட்டுமனை வேறு. வயலுக்கு உரிமையாளர் அதே வட்டத்திலோ அடுத்துள்ள வட்டத்திலோ வசிக்க வேண்டும் என்ற 1961இன் விதி இருக்கிறது.

கேள்வி: குத்தகைக்கு விட்ட நிலத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: பாதிப் பங்குக்கு உழுவது 'மாரோ', மூன்றில் ஒன்றுக்கு உழுவது 'மெர்தெலு'. 1960ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம், பங்கு ஒப்பந்தம் நன்செயில் குறைந்தது மூன்று ஆண்டு, புன்செயில் ஐந்து ஆண்டு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஊரில் வாய்மொழிதான், ஒரு பருவத்துக்கு ஒரு பேச்சு. அடமானம் வைத்த நிலத்தைப் பற்றி அதே ஆண்டின் மற்றொரு சட்டம், ஏழு ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்துவிட்டால் பணம் வாங்காமலே திருப்பித் தர வேண்டும் என்று சொல்கிறது. இந்த விதியைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதுகூட இல்லை. கேட்டவர்களும் நாணத்தால் பேசுவதில்லை.

கேள்வி: இயற்கைச் சீற்றங்களில் உங்கள் ஊர் எப்படிப் பிழைத்தது?

பதில்: 2006 மே 27 அதிகாலை யோக்யகர்த்தாவையும் க்ளாத்தேனையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் ஐயாயிரத்து எழுநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கம்பி வைக்காத செங்கல் சுவரும் கனமான ஓடும் அவர்கள் மேல் விழுந்ததே காரணம். மரச்சட்டத்தில் நின்ற பழைய வீடுகள் பல சாயாமல் நின்றன. மீண்டும் கட்டியபோது அண்டை வீட்டார் சேர்ந்து குழுவாகி, முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கட்டினார்கள். வீடு கட்ட ஊரே கூலியின்றி வரும் 'சம்பத்தான்' என்ற பழைய வழக்கம்தான் அதற்கு அடிப்படை.

மெராபி எரிமலை வடமேற்கில் எங்கள் கண்முன் நிற்கிறது. 2010 அக்டோபர், நவம்பரில் அது வெடித்தபோது 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் மாட்டுக்குத் தீனி போடுவதற்காகவே ஆபத்துப் பகுதிக்குத் திரும்பினார்கள். உயிரைவிட மாடு பெரிதா என்று கேட்பவர்கள், மேலே சொன்ன வங்கிக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். அதன்பிறகு மகெலாங் மாவட்டத்தில் மலைமேல் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் கீழே ஓர் 'உடன்பிறப்பு ஊர்' ஒதுக்கினார்கள். ஓட வேண்டிய வழியும் தங்கும் இடமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: வயலில் எதற்கு மிகவும் அஞ்ச வேண்டும்? பாம்பா?

பதில்: பாம்புக்கும் அஞ்ச வேண்டும்தான், ஆனால் நான் அதிகம் அஞ்சுவது மின்கம்பிக்கே. எலித் தொல்லை தாங்காத விவசாயிகள் வரப்பைச் சுற்றிக் கம்பி இழுத்து வீட்டு மின்சாரத்தை அதில் பாய்ச்சுகிறார்கள். ஸ்ராகென், ஙாவி மாவட்டங்களில் இந்தப் பொறியில் சிக்கி விவசாயிகள் பலர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தாங்களே இழுத்த கம்பி அல்லது அண்டை வயலின் கம்பி. இரவில் நீர் பாய்ச்சப் போகிறவர்கள் டார்ச் விளக்கோடு போனாலும் மெல்லிய கம்பி கண்ணில் படுவதில்லை. ஊரே கூடிப் பொந்தை வெட்டி எலியை அடிக்கும் 'க்ரோப்யோக்கான்' நல்ல மாற்று. டெமாக் மாவட்டத்தின் த்லோகோவெரு ஊரில் கூகைக்குக் கூடு வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வேலை செய்தபின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். எனவே தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: நான் அங்கு சில வாரம் தங்க வர விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: தெரு நுழைவாயிலில் 'விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்' என்று பலகை இருக்கும். கடவுச்சீட்டின் நகலோடு, மாலைத் தொழுகை முடிந்தபின் ஆர்.டி. தலைவர் வீட்டுக்குப் போய் அமருங்கள். தேநீர் வரும். சர்க்கரை அதிகமாக இருக்கும், மறுக்காமல் குடியுங்கள். உங்கள் பெயரை அவர் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொள்வார். அன்றிரவே ரோண்டா ஆட்கள் உங்கள் வாசலில் ஒருமுறை விளக்கடித்துவிட்டுப் போவார்கள்.