பெயரேட்டில் இருப்பவர்களும் பெஞ்சில் இருப்பவர்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு கிளைக் கிராமம். எங்கள் ஆட்கள் நாற்பது வீட்டுக்குக் குறையாமல் இருக்கிறோம். ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு சிறிய அந்தோணியார் கோயிலும் உண்டு. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆவடியில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஞாயிறு காலைப் பூசையில் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்தான் இருந்தோம். பூசை முடிவில் பங்குச்சாமியார், இனி எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டுமே பூசை, மற்ற ஞாயிறுகளில் எல்லாரும் பங்குக் கோயிலுக்கு வந்துவிட வேண்டும் என்று அறிவித்தார். அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அதே ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தால், "உங்க ஆளுங்கதான் நாளுக்கு நாள் பெருகிட்டே போறீங்களே" என்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு நண்பரோ, ஐரோப்பாவில் தேவாலயங்கள் விற்கப்படும் செய்திகளை அனுப்பிவைத்து, "அடுத்தது நீங்கதான்" என்கிறார். நாங்கள் பெருகுகிறோமா, தேய்கிறோமா? மறைமாவட்டத்துக்கு மனு எழுதுகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஊர் இளைஞர்கள் கேட்கிறார்கள். அதில் என்ன எழுதச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாசகர்,
ஆவடி

*

அன்புள்ள நண்பருக்கு,

டீக்கடையில் கேட்ட பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அதிக நேரம் தேவையில்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 1981-இல் 5.78 சதவீதம், 1991-இல் 5.69, 2001-இல் 6.07, 2011-இல் 6.12. இவற்றில் கடைசிப் பத்தாண்டான 2001–2011-இல் மாநிலத்தின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அதே காலத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 37.85 லட்சத்திலிருந்து 44.18 லட்சமாக, அதாவது 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடினார்கள். ஊரோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டதால், இன்றைய நிலவரம் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது அவருடைய ஆசையாகவோ அச்சமாகவோதான் இருக்க முடியும்.

டெல்டாவைப் பொறுத்தவரை அந்த மாநில சராசரியும் பொருந்தாது. 2011 கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் மக்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அங்கே ஒரு கோயிலில் ஐம்பது குடும்பங்கள் வெளியூர் போனாலும் பெஞ்சு காலியானது கண்ணில் படாது. திருச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 9, தஞ்சாவூரில் ஐந்தரை, திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் 3 சதவீத அளவில்தான் நாம் இருக்கிறோம். அதுவும் வேளாங்கண்ணி இருக்கும் மாவட்டத்தில். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை அங்கே திரளும் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணை நம்புவது கடினமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் பாதயாத்திரை வரும் இந்துக் குடும்பங்கள் ஏராளம் என்பதும், திருநாள் கூட்டத்தை வைத்து ஞாயிற்றுக்கிழமையை அளக்க முடியாது என்பதும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

உங்கள் பத்தொன்பது பேருக்கு வருகிறேன். 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாநிலம் 15.6 சதவீதம் வளர்ந்தபோது தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் 8 சதவீதத்தை ஒட்டியே வளர்ந்தன; மயிலாடுதுறை அப்போது நாகப்பட்டினத்தோடு சேர்ந்திருந்தது. அதே பத்தாண்டில் திருப்பூர் மாவட்டம் 29 சதவீதம் கூடியது. மாநிலத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள் என்றிருக்க, தஞ்சாவூரில் 1,035, நாகப்பட்டினத்தில் 1,025, திருவாரூரில் 1,017. இந்த எண்கள் எந்த மதத்தையும் பற்றியவை அல்ல. ஆனால் உங்கள் கோயிலில் பெண்கள் பக்கம் ஓரளவு நிறைந்தும் ஆண்கள் பக்கம் வெறிச்சோடியும் கிடப்பதற்கான காரணத்தை இவற்றைவிடத் தெளிவாக எந்த ஆயரின் சுற்றுமடலும் சொல்லிவிடாது. பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலில் தேர்வடம் பிடிக்க ஆள் போதாமல் பக்கத்து ஊரிலிருந்து அழைத்து வருகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கிறது.

நான் கத்தோலிக்கன் அல்லன். பொறையாற்றுப் பக்கம் ஒரு லுத்தரன் சபையில் வளர்ந்தவன். 1706-இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் பற்றி ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பழைய பழக்கத்தில் பதிவேடுகள் இருக்கும் வெஸ்ட்ரி அறைக்குள் போய்ச் சபைப் பெயரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் வயதுக்காரர்களின் பெயர்கள் அனைத்தும் இருந்தன, ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. பெயர்களுக்கு எதிரே ஓரத்தில், போதகருடைய கையெழுத்தில், பென்சிலால் 'திருப்பூர்', 'அம்பத்தூர்', 'சிங்கப்பூர்', மறுபடியும் 'திருப்பூர்' என்று எழுதியிருந்தது. பேனாவால் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அடுத்த வருஷம் வேற ஊர்ல இருப்பாங்க தம்பி, அழிக்கணும்ல" என்றார். ஞானஸ்நானப் பதிவேட்டில், நான் பெயர் பெற்ற ஆண்டுக்கு மட்டும் இரண்டு பக்கங்கள் நிரம்பியிருந்தன. இப்போது ஒரே பக்கத்தில் சில ஆண்டுகள் அடங்கிவிடுகின்றன. ஆராதனை முடிந்து படைப்புப் பொருள்களை ஏலம் விட்டபோது, ஒரு பூசணிக்காயைச் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்ஆப் வழியாக ஒருவர் ஏலம் கேட்டு எடுத்தார். எதிர்த்துக் கேட்டவரும் ஊரில் இல்லை, குவைத்தில் இருந்தார். காய் பக்கத்து வீட்டு ஆயாவின் சமையலுக்குப் போயிற்று, பணம் சபைக் கணக்குக்கு வந்தது.

அந்தப் பூசணிக்காய்க்காரர் கிறிஸ்தவத்தை விட்டுப் போனவரா? சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் அவர் உட்காருகிறார். ஊர்ச் சபையில் சந்தாவை நிறுத்தவில்லை, ஏனென்றால் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். பெயரேட்டை எண்ணினால் அவர் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர், பெஞ்சை எண்ணினால் சிங்கப்பூர்க்காரர். உங்கள் ஊர் வரிப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கும், ஆவடிப் பங்கில் ஏதோ ஓர் அன்பியத்திலும் (பங்குக்குள் சில குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) இருக்கும். இரண்டு பட்டியல்களையும் கூட்டுகிறவன் கிறிஸ்தவர்கள் பெருகிவிட்டார்கள் என்பான். உங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று எண்ணுகிறவன் தேய்ந்துவிட்டார்கள் என்பான். இரண்டுமே ஒரே ஆளை வைத்துச் செய்யப்படும் தப்புக் கணக்கு. டெல்டாவில் கோயில் தேய்வது பெரும்பாலும் விசுவாசத்தின் தேய்வு அல்ல, இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர்கள் ஊரை விட்டுப் போனதுதான் என்பது என் முடிவு.

பதிவேட்டுப் பக்கம் நிரம்பாமல் போனதற்கு இடப்பெயர்ச்சியோடு இன்னொரு காரணமும் உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டிய 2.1-க்கு இது கீழே. இந்திய அளவில் கிறிஸ்தவர்களுக்கு அதே கணக்கெடுப்பு சொன்னது ஏறத்தாழ 1.9. கேரளத்தில் பாலா மறைமாவட்டம் 2021-இல், ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவித்தொகை என்று அறிவித்தது நினைவிருக்கலாம். டெல்டாவில் அப்படி யாராவது அறிவித்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

நீங்கள் ஊருக்குப் போனது எந்த மாதம் என்று கடிதத்தில் இல்லை. அது முக்கியம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், காலை ஏழு மணிப் பூசைக்கு வரவேண்டிய பெண்கள் அதற்கு முன்பே நாற்றங்காலில் நிற்பார்கள். நடவும் களையெடுப்பும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை, கூலியும் பார்ப்பதில்லை. தை அறுவடை முடிந்த பிறகு அதே கோயிலில் எண்ணினால் வேறு எண் கிடைக்கும். நகரத்துப் பங்குகளில் இருந்துவிட்டு வரும் இளம் குருக்கள் சிலர் இதைக் கவனிக்கத் தவறி, வந்தவர்களிடமே வராதவர்களைப் பற்றி அரைமணி நேரம் மறையுரை ஆற்றுவதை நானே கேட்டிருக்கிறேன்.

அரசு எண்ணிக்கைக்கும் பெஞ்சுக்கும் நடுவே டெல்டாவில் இன்னொரு இடைவெளியும் உண்டு. இதைப் பலர் சத்தமாகச் சொல்வதில்லை. பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு யாருக்கு என்று வகுக்கும் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கும், பின்னர் 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் பொருந்தியது. கிறிஸ்தவத்துக்கு வந்த தலித்துகளுக்குப் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சேரியில் கிடைக்கும் ஒடுக்குமுறை மட்டும் ஞானஸ்நானத்தோடு நின்றுவிடுவதில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே அது சுவராக நிற்கிறது. எனவே பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் 'இந்து' என்றிருக்கும், டிசம்பர் 24 இரவு குடும்பமே கோயிலில் இருக்கும். இதை ஏமாற்று என்று பேசுகிறவர்கள், ஒரு மனிதனை அவன் விசுவாசத்துக்கும் அவன் பிள்ளையின் படிப்புக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வைத்தது யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். அத்தகைய தெருக்களில் கணக்கெடுப்புச் சொல்வதைவிடக் கோயிலில் கூட்டம் அதிகம்; உங்கள் ஊரில் நிலைமை தலைகீழ்.

சபை விட்டுச் சபை போவதும் ஒரு காரணம்தான். பக்கத்து ஊரில் தகரக் கொட்டகை போட்ட பெந்தெகொஸ்தே சபைக்கு உங்கள் தெருவிலிருந்தே சிலர் போவார்கள். அதனால் அங்கே கூடியது இங்கே குறைந்திருக்கும், கிறிஸ்தவர் தொகை அப்படியேதான் இருக்கும். இது இன்று தொடங்கியதும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூர்ச் சபையில் பலர் வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். அன்றைய லுத்தரன் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஊழியம் செழித்தது என்று யாரேனும் வீட்டுக்கு எழுதியிருந்தால், செழித்தது எது என்பதை நாம் ஊகிக்கலாம்.

உங்கள் நண்பர் அனுப்பும் ஐரோப்பியச் செய்திகள் உண்மையானவை. அவற்றை நம் ஊருக்குப் பெயர்த்து நடுவதுதான் பிழை. ஜெர்மனியில் திருச்சபை வரி இருப்பதால், சபையை விட்டு விலகுகிறவர் அரசு அலுவலகத்தில் போய் எழுதிக்கொடுத்து விலகுகிறார். 2023-இல் மட்டும் 4 லட்சம் பேர் அப்படிக் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டார்கள். சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊர் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் இன்று எந்தச் சபையிலாவது உறுப்பினராக இருப்பவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. அங்கே மனிதர்கள் ஊரில் இருக்கிறார்கள், கோயிலுக்கு வருவதில்லை. நம்மிடம் மனிதர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், ஊரில் இல்லை. இரண்டு இடத்திலும் பெஞ்சு காலிதான் என்றாலும், அங்கே செய்ய வேண்டிய வேலை வேறு, இங்கே வேறு.

ஆகவே மனுவில் 'விசுவாசம் குறைகிறது', 'எங்களைப் புறக்கணிக்கிறார்கள்' போன்ற வாக்கியங்களை எழுத வேண்டாம் என்று இளைஞர்களிடம் சொல்லுங்கள். நாற்பது வீடுகளையும் எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் இப்போது ஊரில் தூங்குகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், நடந்து பங்குக் கோயிலுக்குப் போக முடியாதவர்கள் எத்தனை பேர் என்று மூன்று பத்தி போட்டு மனுவோடு இணையுங்கள். கேட்க வேண்டியது, ஞாயிறு காலைப் பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைப் பூசை. அது ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றியதாகவே உங்கள் திருச்சபைச் சட்டம் கொள்கிறது, குருவானவருக்கு ஞாயிறு காலை நெருக்கடியும் இல்லை, நடவுக்குப் போன பெண்கள் குளித்துவிட்டு வந்துசேரவும் முடியும். பூசை இல்லாத வாரங்களில் உபதேசியாரோ அருள்சகோதரியோ வந்து இறைவார்த்தை வழிபாடு நடத்தி நற்கருணை கொடுக்க ஏற்பாடு கேளுங்கள். அதற்கும் வழி உண்டு.

மனுவுக்குப் பதில் வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஞாயிறு காலையில் உங்கள் தெருவிலிருந்து பங்குக் கோயிலுக்குப் போய்த் திரும்ப ஒரு ஷேர் ஆட்டோ என்ன கேட்கிறது என்று விசாரியுங்கள். ஆவடியிலும் திருப்பூரிலும் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பங்குபோட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குக்கூட வராது. அம்மாவை ஆட்டோவில் முன்னால் உட்கார வைக்காதீர்கள், நம் பக்கத்து ரோடு உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்.