ஏழாம் வகுப்பு மகனுக்கு வீட்டில் எந்த அறிவியல் புத்தகம்?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தான். வாசிக்கவும் எழுதவும் மிகவும் சிரமப்பட்டதால், ஏழாம் வகுப்பு பாதியில் நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியல் புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறான். வெளிநாட்டுப் பாடத்தொகுப்பு ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். விலை பல ஆயிரம். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, இப்போது எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். தமிழ்நாடு அரசின் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியை அவனே வாசிக்கட்டும். என்ன புரிந்தது என்று கேளுங்கள். அடுத்த பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் அவனுக்கு அறிவியல் வராமல் இல்லை, எழுத்துதான் தடுக்கிறது. அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிட்டு, விடைத்தாளை வெற்றாகக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

ஏழாவது படிக்க வேண்டியவனுக்கு ஆறாவது புத்தகமா என்று தயங்க வேண்டாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அளவீடு, விசையும் இயக்கமும், பருப்பொருள்கள், வெப்பம், மின்னியல், செல் என்று பெரும்பாலும் அதே தலைப்புகள்தான் ஏழாவதில் சற்று ஆழமாக வரும். ஆறாவதில் அடித்தளம் போட்டால் ஏழாவது பாதி முடிந்த மாதிரி. இந்தப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் பாடம் ஒன்றுதான். தமிழில் வாசித்துக் காட்டி விளக்குங்கள், அப்புறம் ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள்.

முதல் பக்கத்தில் இருந்து போக வேண்டும் என்பதில்லை. கையால் செய்யக்கூடியதில் தொடங்குங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சிவக்க வைக்கும் சோப்பு காரம், மஞ்சளாக்கும் எலுமிச்சை அமிலம். சலவைச் சோடா, புளித்தண்ணீர், தயிர் என்று ஒவ்வொன்றையும் விடுவதற்கு முன், நிறம் மாறுமா மாறாதா என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கேள்விதான் முக்கியம். முடிவை எழுத வைக்காதீர்கள். மாறியது, மாறாதது என்று இரண்டு கட்டம் போட்டுப் படமாக வரையட்டும், அல்லது அவன் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். அமிலமும் காரமும் அவன் கைக்குப் பழகிய பிறகு பாடத்தை வாசித்தால், சொற்கள் அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஒரே பாடம் ஒரு மாதம் ஓடினாலும் பரவாயில்லை. எழுத்துப் பயிற்சியைத் தனி நேரத்தில் வையுங்கள், அறிவியலோடு கலக்க வேண்டாம்.

துணைக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் மாத இதழ் ‘துளிர்’ இருக்கிறது. கழிவுப் பொருட்களில் விளையாட்டுச் சாமான் செய்யச் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் இணையதளமும் உண்டு, இலவசம்தான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். மொத்தம் 5 பாடங்கள். பதிவு 5 ஆண்டுகள் செல்லும், ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். ஆக, அவசரமே இல்லை. ஆனால் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள்: அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று இந்த வருடமே நிபுணரிடம் காட்டிவிடுங்கள். இருக்கிறது என்று உரிய சான்றிதழ் கிடைத்தால், தேர்வில் கூடுதல் நேரமும், எழுதித்தர ஆளும் கேட்டு வாங்க முடியும்.