ப்ளூஸோடு பங்க் ராக்கைக் கலப்பது ப்ளூஸைக் கெடுக்கிற வேலையா?

இதைக் கேட்ட நீங்கள் கிட்டார் பழகுகிறவராக இருக்க வேண்டும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய இசையான ப்ளூஸில் வேகமும் இரைச்சலுமான பங்க் ராக்கைக் கலந்ததற்காக யாரோ உங்களை நோகடித்திருக்கிறார்கள். எனக்கும் நடந்ததால்தான் எழுதுகிறேன்.

வேலைக்காக அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஐந்து வருடம் இருந்தேன். சனிக்கிழமைதோறும் கிட்டார் வகுப்பு. ஒரு நாள் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டு, ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) வேகமாக அடித்துக்கொண்டு ஒரு ப்ளூஸ் பாட்டைப் பாடினேன். வாத்தியார் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "12 பார், மூன்று கார்ட். அது இல்லாமல் ப்ளூஸ் கிடையாது. இது வெறும் சத்தம்" என்றார், எட்டுப் பேர் முன்னால். பாட்டின் ஒவ்வொரு சுற்றும் 12 தாள அளவுகளில் (பார்) முடிய வேண்டும், அதற்குள் மூன்று கார்ட் மாறி மாறி வர வேண்டும் என்பது அவர் கணக்கு. அதோடு வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ஆர். எல். பர்ன்சைட் என்ற ப்ளூஸ் கலைஞரின் பாட்டைக் கேட்டேன். மெம்பிஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய, மிசிசிப்பி மாநிலத்து ஹோலி ஸ்பிரிங்ஸ் பக்கத்து மனிதர். 1926-ல் பிறந்து, விவசாயம், மீன்பிடி என்று பிழைத்தவர். அந்த வடக்கு மிசிசிப்பி மேட்டுநிலத்து ப்ளூஸில் கார்ட் பெரும்பாலும் மாறவே மாறாது. பார் கணக்கும் கறாராக இருக்காது, பாடுகிறவர் வரியை முடிக்கும் இடத்தில்தான் சுற்று முடியும். கட்டைவிரல் கனத்த தந்திகளில் ஒரே தாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் ஆடுவதற்கென்றே வாசித்த இசை அது. நான் அன்றைக்கு வாசித்தது நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் 'இது ப்ளூஸே இல்லை' என்பது தவறு, அதுவும் அந்த ஊரில் இருந்துகொண்டு.

1996-ல், 69 வயதில், பர்ன்சைட் நியூயார்க்கின் ஜான் ஸ்பென்சர் ப்ளூஸ் எக்ஸ்ப்ளோஷன் என்ற பங்க் வாடைக் குழுவோடு சேர்ந்து ஒரே நாளில் ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்தார். ப்ளூஸ் அபிமானிகள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தக் குழுவைப் பாருங்கள்: இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், கனத்த அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டார் கிடையாது. பர்ன்சைடின் சொந்தக் குழுவிலும் கிட்டாரில் அவரும் கென்னி பிரவுனும், டிரம்ஸில் பேரன் செட்ரிக். அங்கேயும் பேஸ் இல்லை! இரண்டு இசையும் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருந்திருக்கின்றன.

"வெள்ளைக்காரப் பையன்கள் பெரியவரைப் பயன்படுத்திக்கொண்டார்கள்" என்று யாராவது சொல்லலாம். ப்ளூஸ் வரலாற்றில் அப்படி நிறைய நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு முன்பே ஊர் ஊராகச் சுற்றி வாசித்தவர் அவர். தெரிந்தேதான் உட்கார்ந்தார். எல்லாக் கலப்பும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை.